என் சிறுநீரகப் புரட்சியும் ஒரு சாம்பார் அண்டாவும்

புதிதாக ஒரு நல்ல விஷயத்தைத் தெரிந்துகொண்டவர்களிடம் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். திருடனிடமிருந்துகூடத் தப்பித்துவிடலாம். உங்கள் உடம்பைப் பற்றி உங்களைவிட அதிகமாகக் கவலைப்படும் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் தப்பிக்கவே முடியாது. அனுபவத்தில்தான் சொல்கிறேன். அந்த ஆபத்தான ஆள் நான்தான்!

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. பாப்பாரப்பட்டியில் புகுந்த வீடு. மாமனார், மாமியார், கணவர் குமரேசன், நாத்தனார் நித்யா, நான் என்று ஐந்து பேர். அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சராக இருந்தேன். (ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான் சொல்வதையெல்லாம் நம்புவார்கள். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.)

தருமபுரியில் இருக்கும் என் அப்பா பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவர். வருடக் கணக்கில் நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்ததில் முதுகுவலி. வலி வந்தால் நேரே மெடிக்கலுக்குப் போவார். "ஒரு செட்டு குடுங்க" என்பார். கலர் கலராக நாலு மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள். போட்டால் வலி போய்விடும். இப்படியே பல வருடம். ஒருநாள் பார்த்தால் இரண்டு காலும் வீங்கியிருந்தது. டாக்டர் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொன்னார். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவு கூடியிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த வலி மாத்திரைய இன்னையோட விட்டுடுங்க. கிட்னி கெட்டுப்போறது கடைசி வரைக்கும் வெளியில தெரியாதுங்க. அதான் ஆபத்து" என்றார் டாக்டர்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். உப்பைக் குறைக்கணும். தாகத்துக்கும் வெயிலுக்கும் தகுந்த மாதிரி தண்ணி குடிக்கணும். சிறுநீரை அடக்கக் கூடாது. பி.பி., சுகர் பார்த்துக்கொள்ளணும். தினமும் நடக்கணும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடக் கூடாது. அவ்வளவுதான். இத்தனை சின்ன விஷயங்களா ஒரு மனிதனைக் காப்பாற்றும்? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாப்பாரப்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. என் அப்பா தப்பித்தது போதாது. என் புகுந்த வீட்டின் பத்துச் சிறுநீரகங்களும் இனி என் பொறுப்பு!

மறுநாளே ஸ்கெட்ச் பேனாவும் சார்ட் பேப்பரும் எடுத்தேன். நடுவில் இரண்டு சிறுநீரகங்களை வரைந்து, சுற்றிலும் ஆறு கட்டளைகளைக் கலர் கலராக எழுதி, சாப்பிடும் கூடத்துச் சுவரில் ஒட்டினேன்.

மாமனார் கிட்டே போய்ப் பார்த்தார். "ஏம்மா ரேவதி, முந்திரிப்பருப்பு எதுக்கும்மா வரைஞ்சிருக்கற?"

"கிட்னிங்க மாமா!"

"ஓ" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்த்து அவர் சாப்பிட உட்கார்ந்ததே இல்லை.

அடுத்து உப்பு ஜாடி. அதை என் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் என்று கணக்குப் போட்டு, காலையில் ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் தடை. நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை என் போனில் அலாரம் அடிக்கும். அடித்ததும் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று நானே ஒரு இலக்கு வைத்து, அதையும் சார்ட்டில் எழுதினேன். (டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆர்வக் கோளாறு.) ஒகேனக்கல் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். நான் போட்ட போட்டில் குடங்கள் பாதி நாளிலேயே காலியாயின.

மாமியார் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அரிசி டிரம்முக்குள் அவர் ஒரு சின்ன டப்பாவில் உப்பு பதுக்கியிருந்தது எனக்குத் தெரியாது. என் கணவரின் பைக் பெட்டியில் ஒரு பொட்டலம், மாமனாரின் வெற்றிலைப் பையில் ஒரு பொட்டலம், நித்யாவின் பவுடர் டப்பாவில் கொஞ்சம். நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாக, "எங்க வூட்ல எல்லாரும் உப்பையே மறந்துட்டாங்க டீச்சர்!" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் நித்யாவுக்கு வரன் வந்தது.

மாப்பிள்ளை சதீஷ். பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் செய்யும் குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்துவிட்டது. நித்யாவுக்கும் பிடித்துவிட்டது. (அவள் அதை வாயால் சொல்லவில்லை. ஒரு வாரம் தக்காளிச் சட்டினி மட்டுமே அரைத்தாள்.) இனி பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: கை நனைக்கிற சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் வீட்டில் முதல் முறையாகச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பாதியில் எழுந்து போனால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு.

நித்யாவுக்கு ஏற்கெனவே ஒரு வரன் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்தது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம். முப்பது பேர் வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அன்னைக்கு ஒருநாள் மட்டும் அந்த அளவுக் கிண்ணத்த எடுக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அத்தை, வர்றவங்களுக்கும் கிட்னி இருக்குதில்லீங்களா?" என்றேன்.

இப்போது நினைத்தாலும் எனக்கு நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த நாள் வந்தது. பின்பக்கம் கல் அடுப்பு கூட்டி, ஊரில் விசேஷங்களுக்குச் சமைக்கும் மாதையன் அண்ணன் வேலையை ஆரம்பித்தார். அண்டாவில் சாம்பார், பெரிய குண்டானில் ரசம், கூட்டு, பொரியல், மோர், பாயசம். நான் நேராகப் போனேன்.

"அண்ணா, எல்லாத்துக்கும் உப்பு பாதிதான் போடணும்ங்க."

அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்கம்மா" என்றார்.

நான் துள்ளிக் குதித்து உள்ளே போனேன். முப்பது பேர்! அறுபது சிறுநீரகங்கள்! ஒரே பந்தியில்!

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் மாமியார் வீட்டில் விசேஷச் சமையலைக் குலதெய்வத்துக்குப் படைப்பதற்கு முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது. ருசி பார்க்கவும் கூடாது. படைத்த சாதத்தை உடனே எடுத்துக் காக்கைக்கு வைத்துவிடுவார்கள். அதனால் அன்றைக்கு அந்த அண்டாவுக்குள் நடந்தது சாமிக்கும் காக்கைக்கும் மட்டும்தான் தெரியும். (காக்கை ஒரு வாய் தின்றுவிட்டு ஓட்டு மேல் போய் வெகுநேரம் கத்தியது. அழகாகச் சகுனம் சொல்கிறது என்று மாமனார் சந்தோஷப்பட்டார்.)

பதினொன்றரை மணிக்கு இரண்டு வேன் வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாக இறங்கினார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அப்பா, பெரிய மீசைக்காரர். அவருக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை சரோஜா அம்மா. கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு பெரிய கைப்பை, ஆட்களை அளவெடுக்கும் பார்வை. அவர் சரி என்றால்தான் அந்த வீட்டில் எதுவும் சரி என்று நித்யா முன்பே சொல்லியிருந்தாள்.

பந்தி உட்கார்ந்தது. இலை போட்டோம். சாதம், பருப்பு, சாம்பார். மாப்பிள்ளையின் அப்பா ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தார்.

அவர் மெல்லுவது நின்றது. மீசை ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. கண்ணில் நீர் கட்டியது.

"தண்ணி" என்றார்.

நான் செம்போடு பாய்ந்தேன். ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரை நீட்டினார். மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்தார். அடுத்த இலைக்காரரும் "தண்ணிம்மா" என்றார். அதற்கடுத்தவரும். எதிர்ச் சுவரில் என் சார்ட். அதில் இரண்டாவதாகக் கொட்டை எழுத்தில், "தண்ணீர் குடியுங்கள்!"

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. படித்துவிட்டார்கள்! படித்தவுடனே செய்கிறார்கள்! இத்தனை மாதமாக என் வீட்டில் ஒருவரும் மதிக்காததை, பாலக்கோட்டிலிருந்து வந்தவர்கள் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்கள்! என்ன அருமையான குடும்பம்!

"குடிங்க, குடிங்க, நல்லா குடிங்க! உடம்புக்கு நல்லதுங்க!" என்று இலைக்கு இலை ஓடினேன். நாலு குடம் தீர்ந்தது. மரியாதைக்காரர்கள் என்பதால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசம் வந்தது. இன்னும் இரண்டு குடம் போனது. சாதத்தை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, பாயசத்தை மட்டும் கேட்டு வாங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா மூன்றாவது டம்ளர் பாயசத்தைத் தூக்கும்போது சரோஜா அம்மாவின் கை நீண்டு வந்து அதைப் பிடுங்கியது.

"அண்ணா, உனக்கு சுகர்."

"வேற எதத்தான் திங்கச் சொல்ற?" என்று அவர் மெல்லிய குரலில் கெஞ்சினார்.

அப்போதுதான் பந்தியின் கடைசியில் இருந்த ஐந்து வயதுப் பெண்குழந்தை சத்தமாகச் சொன்னது: "அம்மா, மெட்ராஸ் கடல்ல குளிச்சப்ப வாய்க்குள்ள தண்ணி போச்சே, அது மாதிரியே இருக்குதும்மா இந்தக் கொழம்பு!"

நான் சாம்பார் வாளிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

என்ன சொல்வது? ஒகேனக்கல் அருவியில் யாரோ தலையைப் பிடித்து அமுக்கிய மாதிரி இருந்தது, அருவி முழுக்க உப்பாக இருந்தால்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். நித்யா கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் நிறைந்திருந்ததைப் பார்த்தபோது என் உற்சாகமெல்லாம் ஒரே நொடியில் வடிந்துவிட்டது. விளையாட்டில்லை. ஒரு பெண்ணின் கல்யாணம். என் சார்ட் பேப்பரால் அது நின்றுபோகப் போகிறது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். சாப்பாடு இலையிலேயே இருந்தது. மாமனார் இரண்டு கையையும் கூப்பினார்.

"சம்பந்தி, கோவிச்சுக்கிட்டுப் போயிடாதீங்க..."

"கோவம் அப்புறம் பாத்துக்கலாம்ங்க. பாத்ரூம் எங்க இருக்குது?" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் பின்பக்கம் ஒரே ஒரு பாத்ரூம். ஆளுக்கு ஏழெட்டு டம்ளர் குடித்த முப்பது பேர். ஐந்தே நிமிடத்தில் வரிசை மாட்டுக் கொட்டகையைத் தாண்டி முருங்கை மரம் வரைக்கும் நீண்டுவிட்டது. ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். சரோஜா அம்மா முன்னால் நின்று, "கொழந்தைங்க மொதல்ல, அப்புறம் பொம்பளைங்க, அடக்காதீங்க, தள்ளாதீங்க" என்று வரிசையை ஒழுங்கு செய்தார். நடுவில் டேங்க் தண்ணீர் தீர்ந்துபோய் மோட்டார் போட வேண்டியிருந்தது.

வரிசையில் நின்றபடியே விசாரணை தொடங்கியது.

"உப்பு போட்டது யாருங்க?" என்றார் சரோஜா அம்மா.

மாதையன் அண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "இந்தம்மா பாதி போடச் சொன்னாங்க. முப்பது வருசமா சமைக்கறேனுங்க, பாதி உப்புல சமைச்சான்னு என்னைய ஒருத்தர் சொல்லிட முடியுமா? முழுசாவே போட்டுட்டேன்."

"அவ்வளவுதானா?"

மாமியார் தொண்டையைச் செருமினார். "இவ பாதி போடச் சொன்னது காதுல விழுந்துச்சுங்க. அதான் அவரு அந்தப் பக்கம் போனப்ப, நான் எல்லாத்துலயும் ஒரு கை..."

"அம்மா, நீயுமா?" என்றார் என் கணவர். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "இல்ல... தங்கச்சி விசேசம், சப்புன்னு இருந்துடக் கூடாதுன்னு... நானும் ஒரு கை."

மாமனார் வெற்றிலைப் பையைப் பின்னால் மறைத்தார். சரோஜா அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஒரு கைதானுங்க" என்றார் மாமனார்.

கதவுக்குப் பின்னாலிருந்து நித்யாவின் குரல் வந்தது. "பட்டுப் பொடவையோட போய் நானும் போட்டேன் அண்ணி. ரசத்துலயும்."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மட்டும் குற்றமற்றவள். என்னால்தான் இத்தனையும் நடந்தது என்றாலும் நான் ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றிருக்கலாம்.

ஆனால் உண்மை அதுவல்ல. படையல் நேரத்தில் திடீரென்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பாதி உப்பில் இவர்கள் முகம் சுளித்தால்? நித்யா கதி? பீரோவைத் திறந்து, நானே பூட்டி வைத்த ஜாடியிலிருந்து, நானே ஒரு பெரிய கை அள்ளிக்கொண்டு போய், யாரும் பார்க்காதபோது...

"நானும்தாங்க" என்றேன்.

வரிசையின் நடுவிலிருந்து மாப்பிள்ளை சதீஷ் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. அடுத்து அவர் அம்மா. அப்புறம் வரிசை முழுக்க. "அய்யோ சிரிக்க வெக்காதீங்க, இருக்கற நெலமைல தாங்காது!" என்று ஒரு பெரியம்மா அலறினார். பாத்ரூமுக்குள்ளிருந்தே ஒருவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டார். "வூட்ல இருக்கற ஒவ்வொருத்தரும் எங்களுக்குப் பிடிக்காமப் போயிடுமோன்னு பயந்துருக்கீங்க. இப்படிப்பட்ட வூட்டுப் பொண்ண வேண்டாம்னு சொல்ல நாங்க என்ன கிறுக்கனுங்களா? கை நனைச்சாச்சுங்க. நனைச்ச கைய நாலு தடவ கழுவியும் இன்னும் கரிக்குது, அவ்வளவுதான்!"

நித்யா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாதையன் அண்ணன் அவசர அவசரமாகத் தக்காளி சாதம் ஒரு அண்டா இறக்கினார். அதற்கு உப்பு போட்டது சரோஜா அம்மா, எல்லோரையும் ஐந்தடி தள்ளி நிற்க வைத்துவிட்டு.

சாப்பாடு முடிந்ததும் அவர் என் சார்ட்டின் முன்னால் வந்து நின்றார்.

"இது நீ எழுதுனதாம்மா?"

"ஆமாங்க."

"எல்லாம் சரிதான். ஆனா அஞ்சு லிட்டர்னு யார் சொன்னா? தாகம், வெயில், செய்யற வேலை, அதுக்குத் தகுந்தாப்பல குடிச்சாப் போதும். கிட்னியில ஏற்கெனவே கோளாறு இருக்கறவங்க, ஹார்ட் பேசண்டு, இவங்கெல்லாம் டாக்டர் சொல்ற அளவுதான் குடிக்கணும். எல்லாருக்கும் ஒரே அளவு கெடையாது."

"நான் இந்துப்புக்கு மாறலாம்னு இருந்தேனுங்க" என்றேன், எப்படியாவது நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று.

"அதுவும் உப்புதாம்மா." என் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "பூட்டி வெச்சா மனுசங்க திருடுவாங்க. கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சா நாக்கே பழகிக்கும்."

பிறகு கைப்பையைத் திறந்து பி.பி. மிஷினை எடுத்தார். அண்ணனுக்காக எப்போதும் கூடவே கொண்டுவருவாராம். "எல்லாரும் உக்காருங்க, ஒரு தடவ பாத்துடலாம்" என்றார். விளையாட்டாக எல்லோரும் கையை நீட்டினார்கள். மாமியார் மட்டும் அடுப்படிக்கு நழுவப் பார்த்தார். விடவில்லை.

மிஷினில் வந்த எண்ணைப் பார்த்து சரோஜா அம்மா சிரிப்பதை நிறுத்தினார். பத்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். அதே எண்தான்.

"இதுக்கு முன்னாடி எப்ப பாத்தீங்க?"

"பாத்ததே இல்லீங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்க, இந்த முட்டிவலி ஒண்ணுதான். அதுக்கு மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கிப் போட்டுக்குவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதக்கணக்கில் உப்பை அளந்தேன். தண்ணீரை அளந்தேன். கட்டளை ஆறு என்று சுவரில் எழுதினேன். "அத்தை, உங்க முட்டிக்கு என்ன மாத்திரை போடறீங்க?" என்று ஒருநாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. உபதேசம் செய்வதிலேயே குறியாக இருந்தேன்.

"ஒரு வேளைச் சாப்பாட்டுல இவ்வளவு ஏறாதும்மா. நாளைக்கே கூட்டிட்டுப் போ" என்றார் சரோஜா அம்மா.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மாமியாரைத் தருமபுரிக்குக் கூட்டிப்போனேன். பரிசோதனை முடிவு வரும் வரைக்கும் இருவரும் ஒரே பெஞ்சில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ரத்தக்கொதிப்பு உண்மைதான், பல நாளாகவே இருந்திருக்கும் என்றார்கள். ஆனால் சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருந்தன! அதைக் கேட்டதும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மாமியாரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். வலி மாத்திரை நின்றது. பி.பி. மாத்திரையும், முட்டிக்கு உடற்பயிற்சியும், காலை நடையும் வந்தன. உப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. பீரோவில் இப்போது துணிமணி மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு சட்டம். சமையலுக்கு யார் உப்பு போட்டாலும், போட்டவுடனே வீடே கேட்கும்படி "உப்பு போட்டாச்சு!" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் எங்கிருந்தாலும் "சரி!" என்று பதில் கத்த வேண்டும். மாமனார் வயலிலிருந்து கத்துவார். பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து "சரி!" என்பதுண்டு.

போன மாதம் பாலக்கோட்டில் நித்யாவின் மகளுக்குக் காது குத்தினார்கள். பெரிய மண்டபம், ஊரே வந்திருந்தது. மத்தியானம் பந்தி தொடங்கும் நேரம், மைக்கில் மாப்பிள்ளையின் அப்பா குரல் கணீரென்று கேட்டது.

"சொந்த பந்தங்களுக்கு ஒரு முக்கியமான அறிவிப்புங்க. பாப்பாவோட பாப்பாரப்பட்டி அத்தை மண்டபத்துக்கு வந்துட்டாங்க. பயப்பட வேண்டாம், சமையல்கட்டு வாசல்ல ரெண்டு பேரக் காவலுக்குப் போட்டிருக்கறோம். தைரியமா வந்து உக்காருங்க!"